படிவத்தில் எழுத முடியாத வேலை

1

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதம் வந்தால் எனக்கு வயிறு கெட்டுவிடும். முதல் இரண்டு வருடம் சாப்பாடுதான் காரணம் என்று நினைத்து மோர் குடித்தேன். மூன்றாம் வருடம்தான் புரிந்தது. நான் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி முடிகிற மாதம் அது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் பினாங்கை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூற்றொன்றில் வந்தேன், எட்டு வருடம் ஓடிவிட்டது. என் மனைவி ரெஜினா இந்த நாட்டுப் பெண், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்பலகைகளுக்கு ஈயம் வைக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. ஆறரை வயது. இந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பு.

வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வரும் இந்த நாட்டு ஆணுக்கு இங்கே வழி கொஞ்சம் எளிது. இங்குள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கும் வெளிநாட்டு ஆணுக்கு அப்படியில்லை. வருடத்துக்கு ஒருமுறை மனைவி கூடவே வந்து, இவர் இன்னும் என் கணவர்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கடவுச்சீட்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். ஒரு வருடம் தங்கலாம். அதன் கீழேயே ஒரு வரி இருக்கும்: எந்த வேலையும் செய்யக் கூடாது.

நான் வேலை செய்கிறேன். பழைய டிவி கேம் பெட்டிகளையும், கையில் வைத்து ஆடும் சின்ன கேம்களையும் பழுது பார்க்கிறேன். கடையில் உட்கார்ந்து அல்ல, எங்கள் சமையலறை மேசையில். சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஆ செங் என்ற சீனர் அரிசி மூட்டைப் பையில் போட்டு அனுப்புவார். நான் சரிசெய்து அதே பையில் திருப்பி அனுப்புவேன். படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் ஏழு வருடமாக ஒரு கோடு மட்டும் போட்டு வருகிறேன்.

இந்த வருடம் ஜூலை கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வழக்கமான கடிதம்தான், அடியில் ஒரு வரி மட்டும் புதிது. வரும்போது குழந்தையையும் அழைத்து வரவும்.

அதற்கு முந்தின மாதம்தான் கணேசன் போனார். நம் திருப்பத்தூர்க்காரர், என்னைப் போலவே இங்கே பெண் எடுத்தவர். முடிதிருத்தும் கடையில் கத்திரியும் கையுமாக இருந்தபோது ஆய்வுக்கு வந்துவிட்டார்கள். முத்திரை கிடைக்கவில்லை. பதினான்கு நாளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு விமானம் ஏறினார். சட்டம் அதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. நான் வழியனுப்பப் போயிருந்தேன். அவருடைய சின்ன மகன் அவர் பெட்டியின் சக்கரத்தைக் காலால் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

என் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா வந்து, குழாய் எப்படி உடைந்தது என்று கேட்டபோது, தானாக உடைந்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "அப்பா முறுக்கினாங்க. நேத்து இல்ல, போன வாரம்" என்று திருத்தினாள். அப்படிப்பட்டவளைத்தான் அழைத்து வரச் சொல்கிறார்கள்.

2

இந்தத் தொழிலுக்கு நான் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். 'வாத்தியார் மகன் மக்கு' என்று ஊரில் சொல்வதற்கு முன்பு ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று புதுவயல் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றினேன். லாரியோடு பம்பாய் வரை போனேன். அங்கே ஒரு வருடம் மின்விசிறிக்குக் கம்பி சுற்றினேன். மஞ்சள் காமாலை வந்து திரும்பினேன். காரைக்குடியில் ஒரு எலக்ட்ரிக் கடையில் சேர்ந்து, வீடு வீடாகப் போய் ஆன்டெனா கட்டினேன். அப்படித்தான் தொண்ணூறாம் வருடம் பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டு ஆச்சிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஆன்டெனாவைக் கட்டி இறங்கியதும் உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தார்.

"இது என்னன்னு பாரு சவரி. ரேடியோவும் இல்ல, டேப்பும் இல்ல."

திறந்தேன். முகப்பில் மரம் போல ஒட்டிய ஒரு பெட்டி. இரண்டு திருகுகள், சுருட்டிய வயர்.

"யாரு கொண்டாந்தது ஆச்சி?"

"எங்க அப்பச்சி பினாங்குலருந்து கொண்டாந்தாக, என் கல்யாணத்துக்கு. சாமான் பரப்புனப்ப இதையும் நடுவுல வெச்சிருந்தாக. வந்தவுகல்லாம் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, எடை போடுற மெஷினான்னு கேட்டாக. ஆமான்னுட்டேன்."

அப்பச்சி என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்கள் அத்தனையையும் கூடத்தில் பரப்பிவைத்து உறவுக்காரர்களுக்குக் காட்டுவது அவர்கள் வழக்கம். பித்தளை, எவர்சில்வர், பீங்கான் வரிசைக்கு நடுவில் ஒரு டிவி கேம். அப்போது பள்ளத்தூரில் ஒரு வீட்டிலும் டிவி இல்லை. ஆடுவதற்குத் திரை வரும் முன்பே ஆட்டம் வந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் அலமாரியில் காத்துக்கிடந்திருக்கிறது.

நான் பம்பாயில் ஒரு கடை வாசலில் இதைப் பார்த்திருந்தேன். வயரை டிவியில் மாட்டி, சேனலைத் திருகித் திருகித் தேடினேன். கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி வந்தால் கோட்டால் தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

ஆச்சி கொஞ்சநேரம் புள்ளி போய் வருவதையே பார்த்தார்.

"இதுக்கா எங்க அப்பச்சி கப்பல்ல தூக்கிட்டு வந்தாக?"

"ஆடிப் பாருங்க ஆச்சி."

"எனக்கெதுக்கு" என்று சொல்லிக்கொண்டே திருகைப் பிடித்தார். அரைமணி நேரத்தில் என்னை நான்கு ஆட்டம் தோற்கடித்தார். உள்ளிருந்து அவர் கணவர் பசியாற என்ன இருக்கிறது என்று குரல் கொடுத்தபோது, "இந்தா இந்தப் புள்ளி ஒண்ணு" என்றார்.

3

அதே வருடம் காரைக்குடி செக்காலைப் பக்கம் சொக்குண்ணன் என்பவர் ஒரு அறை பிடித்து டிவி கேம் கடை போட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் இரண்டு பெட்டிகள் வாங்கியிருந்தார். சிவப்பும் வெள்ளையுமான ஜப்பான் பெட்டிக்குச் சீனாவில் செய்த நகல். மேலே கேசட்டைச் சொருக வேண்டும். ஒரு கேசட்டில் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று அட்டையில் போட்டிருக்கும். ஆடிப் பார்த்தால் ஆறு ஆட்டம்தான் இருக்கும். ஒரே ஆட்டத்தை இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் அது ஏழாவது ஆட்டம், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் எட்டாவது. நம் ஊர் ஆட்களுக்கு அதில் வருத்தமே இல்லை. அறை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

வயர் வேலை தெரிந்தவன் என்று சொக்குண்ணன் என்னைக் கடையில் வைத்துக்கொண்டார். சேர்ந்து இரண்டு மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, மாவிலை கட்டியாயிற்று. அண்ணன் பொரிகடலை வாங்கக் கிளம்பும்போது சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிரு. ஒரு கேசட்டக் கூட விட்றாத."

"அண்ணே, நான் வேதக்காரன். எங்குட்டு வைக்கணும்னு எனக்குத் தெரியாது."

"எங்குட்டா? முகத்துல வைடா. எது முகமோ அதுல வையி."

அவர் போய்விட்டார். நான் ஒரு கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் ஒட்டிய படம், அது அழுக்கு. பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக். அடியில் மட்டும் வரிசையாகத் தங்கப் பற்கள் மின்னின. முகம் என்றால் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு மதத்துக்காரர் பூஜையில் குறை வைத்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. சந்தனத்தைக் குழைத்து, இருபத்து மூன்று கேசட்டின் தங்கப் பற்களிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். இரண்டு பெட்டிகளின் வாய்க்குள்ளும் விரலை விட்டு ஒரு தீற்று. இரண்டு கேசட்டைப் பெட்டிகளில் சொருகி, மற்றவற்றைச் சாமி படத்துக்கு முன் வரிசையாக அடுக்கினேன்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. அதனால் சந்தனம் நிதானமாகக் காய்ந்தது. விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து அண்ணன் சுவிட்சைப் போட்டார். வாசலில் இருபது பேர் நின்றார்கள். திரை சாம்பல் நிறத்தில் விழித்தது. வேறு கேசட், அதே சாம்பல். ஊதினார், தட்டினார், கும்பிட்டார்.

"சாமி கோவிச்சுக்கிருச்சாடா?"

ஒன்றைக் கையிலெடுத்து அடிப்பக்கம் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"டேய் சவரி. பல்லுக்கா பொட்டு வெச்ச?"

"அதுதான் அண்ணே மின்னுச்சு."

"மின்னுச்சுன்னா? உங்க சாமியாருக்குப் பல்லு மின்னுனா அங்கயா சிலுவை போடுவீக? வேதக்காரன்கிட்ட குடுத்தேன் பாரு, என் புத்திய."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. சரியாகும் வரை சம்பளம் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

நான்கு நாள் உட்கார்ந்தேன். கம்பவுண்டரிடம் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமக் கறை போகவில்லை. பென்சில் எழுதியதை அழிக்கும் ரப்பரால் தேய்த்தேன், அதற்குப் போனது. ஒவ்வொரு பெட்டியின் வாய்க்குள்ளும் இருந்த அறுபது ஊசிகளையும் தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஐந்தாம் நாள் இருபத்தொரு கேசட்டுகள் ஓடின. என் படிப்பு அந்த நான்கு நாள்தான். அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் அதன் மேல் கட்டிய மாடிதான்.

செய்தி பரவி, தேவகோட்டையிலிருந்தெல்லாம் பழுதான பெட்டிகள் வந்தன. பள்ளத்தூர் ஆச்சியின் தம்பிக்குப் பினாங்கில் ரேடியோ கடை இருந்தது. விடுமுறைக்கு வந்தவர், அங்கே வந்து பாரேன் என்றார். ஒரு இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து பழக்கமில்லாதவன் நான். யோசிக்காமல் கிளம்பினேன்.

4

எட்டு வருடம் ஒரே ஊரில் இருப்பேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். காரணம் ரெஜினா. பட்டர்வொர்த்தில் மாதா கோயிலுக்கு வெளியே நின்றிருந்தபோது, முன்பின் தெரியாத என்னிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தச் சொல்லைச் செட்டிநாட்டுக்கு வெளியே நான் அதுவரை கேட்டதில்லை. இங்கே தோட்டத்துத் தமிழர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, ரேடியோ கடை வேலையும் முடிந்துவிட்டது.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. காலை ஆறு மணிக்கு ரெஜினாவுக்கு ஆலை பஸ். ஏழு மணிக்கு ஜெனியைப் பள்ளியில் விடுவேன். எட்டு மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மேசையில் உட்காருவேன். யாராவது கதவைத் தட்டினால் முதலில் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் வயரைப் பிடுங்குவேன், பிறகுதான் யார் என்று கேட்பேன். ஒருமுறை தபால்காரர் வந்தார். எரிந்த ஈயத்தின் வாடையை மறைக்க அடுப்பில் மிளகாயைப் போட்டு, அவரும் நானும் இருமி, வீடே புகையாகிவிட்டது. கையெழுத்து வாங்கிய கையோடு ஓடிவிட்டார்.

ஒவ்வொரு காலத்துப் பெட்டிக்கும் ஒரு வியாதி உண்டு. பள்ளத்தூரில் பார்த்த புள்ளி ஆட்டப் பெட்டிக்குத் திருகு வியாதி. உள்ளே தூசி சேர்ந்து கோடு நடுங்கும். கேசட் பெட்டிகளுக்குப் பல் வியாதி. அதற்குப் பிறகு வந்த கறுப்புப் பெட்டிகளுக்குக் கழுத்து வியாதி. மின்சார வயர் சேரும் இடம் ஆடி ஆடி விட்டுப்போகும். கையில் வைத்து ஆடும் சாம்பல் நிறக் கேம் ஒன்று வந்தது. நான்கு பென்சில் பேட்டரி, பாசி நிறத்தில் ஒரு திரை. கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்ச வருடத்தில் மட்டும் திரையில் செங்குத்தாகக் கோடுகள் காணாமல் போகும். சூட்டுக்கோலைத் தணித்து, திரையின் அடி விளிம்பில் மெதுவாக இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். இதைக் கற்றுக்கொடுத்தது ரெஜினா. ஈய வேலையில் அவள் கைக்கு முன்னால் என் கை மண்வெட்டி. இப்போது வந்திருக்கும் குறுந்தட்டுப் பெட்டிக்கு லென்ஸ் வியாதி. சூடானால் படிக்காது. பிள்ளைகள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடுகிறார்கள்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். பெரும்பாலான பழுது, பெட்டி சூடான பிறகுதான் வெளியே தெரியும். சரிசெய்த பெட்டியை அரைமணி, ஒரு மணி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா ஓடவிட்டால் போதாது, எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறதா என்று ஆடவும் வேண்டும். பள்ளி விட்டு ஜெனி வீட்டுக்கு வரும் நேரத்தில் நான் பெரும்பாலும் அந்த வேலையில் இருப்பேன். கையில் பொத்தான் கட்டை, முன்னால் திரை.

அவள் என்னோடு ஆட உட்காருவதில்லை. முன்பு உட்காருவாள். மடியில் ஏறி, எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்பாள். பள்ளிக்குப் போன ஏழு மாதத்தில் அது நின்றுவிட்டது. தன் சின்ன கேமோடு மூலையில் இருந்துகொண்டு, அதனோடு மலாயில் பேசுகிறாள். ஒருநாள் "அங்குட்டு வை" என்று சொன்னேன். அவள் தோழி கூட இருந்தாள். தோழி போன பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அங்குட்டுன்னு சொல்லாதீங்க. அங்கன்னு சொல்லுங்க. சிரிக்கிறாங்க."

அன்றிலிருந்து அவள் தோழிகள் வந்தால் நான் அதிகம் பேசுவதில்லை.

5

கடிதம் வந்த அன்று ரெஜினாவிடம் சொன்னேன்.

"ஜெனிகிட்ட சொல்லி வைக்கணும்."

"என்னான்னு?"

"அப்பாவுக்கு வேலை இல்ல, வீட்ல சும்மா இருக்காகன்னு சொல்லச் சொல்லணும்."

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் சொல்றேன்."

"நீங்களும் சொல்லக்கூடாது." அவள் சட்டையை மடித்துக்கொண்டே பேசினாள். "ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆபீசர்கிட்ட பொய் சொல்லக் கத்துக்குடுத்தா, நாளைக்கு நம்மகிட்ட என்னா சொல்லும்?"

"கணேசன் போனத பாத்தீல்ல?"

"பார்த்தேன். அந்த அக்காகூட அழுததும் நான்தான். அதுக்காகப் பிள்ளைக்குப் பொய்யா?"

"அனுப்பிட்டா நீ என்கூட ஊருக்கு வருவியா?"

அவள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக அடுத்த தெருவில் இருக்கிறார். வேலை, வீடு, பிள்ளையின் பள்ளி எல்லாம் இங்கே. எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டேன். பதிலும் தெரியும்.

ஊருக்குப் போன் செய்தேன். தம்பி எடுத்தான்.

"அங்குட்டுச் சரிப்படலைன்னா வந்துருண்ணே. ஆனா இங்குட்டு டிவி கேமெல்லாம் ஓஞ்சுபோச்சு. சொக்குண்ணன் கூட கடைய மாத்தி கம்ப்யூட்டர் கிளாஸ் வெச்சுட்டாரு. நீ கம்ப்யூட்டர் படிச்சிருக்கியா?"

"ஒன்பதாம் வகுப்பு படிச்சிருக்கேன்."

"அது எனக்கும் தெரியும்ல" என்றான்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. போன வருடம் நான் கொடுத்த தாள்களில் என் பிறந்த தேதி இரண்டு விதமாக இருந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தில் பிப்ரவரி. பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஒன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வசதியாக அப்பாவே போட்ட தேதி. அதற்காகத் தம்பி சிவகங்கைக்கு மூன்று தடவை பஸ் ஏறி ஒரு கடிதம் வாங்கி அனுப்பினான். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது கூடச் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன மிச்சம் என்று நினைப்பேன். உடனே ஜெனியின் முகம் வரும்.

போவதற்கு முந்தின நாள், எல்லாப் பெட்டிகளையும் ஆ செங்கிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"எத்தனை நாள் லீவு?" என்றார்.

"நாளைக்குத் தெரியும்" என்றேன்.

என் சூட்டுக்கோலையும் வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். வெறும் மேசையைப் பார்த்து ஜெனி, "வீடு மாறப்போறோமா?" என்றாள். இல்லை என்றேன். இரண்டு தடவை வாயைத் திறந்தேன், அவளிடம் சொல்லிவிடலாம் என்று. ரெஜினா சமையலறையிலிருந்து பார்த்தாள். திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

6

படகில் தீவுக்குப் போனோம். எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தபோது மணி ஒன்பது. எங்கள் எண் எழுபத்தாறு. சுவரில் இருபத்திரண்டு என்று எரிந்தது. ஜெனி தன் சின்ன கேமைக் கொண்டுவந்திருந்தாள். நான்தான் சத்தத்தை அணைக்கச் சொன்னேன். என் கையை மடியில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஈயம் சுட்ட வடுக்கள், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். வேலை செய்யாதவனுக்கு அப்படி வராது. கையைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அது இன்னும் சந்தேகமாக இருக்குமே என்று எடுத்தேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. தலையில் முக்காடிட்ட நடுத்தர வயது அம்மா ஒருவர் இருந்தார். நல்ல முகம். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. கடுகடுப்பானவர்களிடம் பிள்ளை பேசாது.

தாள்களைப் பார்த்தார். பிறந்த தேதிக் கடிதத்தைப் படித்து ஓரமாக வைத்தார். ரெஜினாவிடம் சம்பளம், வாடகை, யார் சமையல் என்று கேட்டார். என்னிடம் மலாயில், பகலில் என்ன செய்வீர்கள் என்றார். ஏழு வருடமாக ஒத்திகை பார்த்த பதில் அது. பிள்ளையைப் பள்ளியில் விடுவேன், மாமியாரைப் பார்த்துக்கொள்வேன், சமைப்பேன். பாதியில் நாக்கு குழறி 'மாமியாரைச் சமைப்பேன்' என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ரெஜினா தரையைப் பார்த்தாள்.

பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார்.

"உன் பேர் என்ன?"

"ஜெனி."

"அது என்ன கையில? என் மகனும் அதேதான் வெச்சிருக்கான். எங்கே வாங்கினே?"

அது வாங்கியதல்ல. உடைந்த மூன்றைச் சேர்த்து நான் செய்தது. மூடி ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம்.

"அப்பா குடுத்தாங்க" என்றாள்.

"அப்பாவுக்கு உன்மேல ரொம்பப் பிரியமோ?"

ஜெனி யோசித்தாள். "சில நாள்" என்றாள்.

அந்த அம்மா எழுதுகோலை எடுத்தார். அதே இனிமையான குரலில் கேட்டார்.

"அப்பா என்ன வேலை செய்றாங்க?"

சுவரில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு இறக்கை உரசும் சத்தம் கேட்டது. பேரிங்கில் எண்ணெய் இல்லை என்று என் மூளையின் ஒரு பக்கம் தன் பாட்டுக்குச் சொன்னது. ரெஜினாவின் கை நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தபோது உறுதியானது.

ஜெனி என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் நேராகப் பார்த்தாள். மலாயில், வகுப்பில் வாசிப்பது போலத் திருத்தமாகச் சொன்னாள்.

"அப்பா வேலை செய்ய மாட்டாங்க. நாள் பூரா கேம் விளையாடுவாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"நாள் பூராவா?"

"நான் ஸ்கூல்லருந்து வரும்போதும் விளையாடுவாங்க. அம்மா வேலைக்குப் போவாங்க."

அந்த அம்மா ரெஜினாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காக வருத்தப்படும் பார்வை அது. என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ஏதோ எழுதினார். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார். ஒரு வருடம்.

"மாமியாரையாவது நல்லா பாத்துக்குங்க" என்றார் என்னிடம்.

7

வெளியே வந்ததும் ரெஜினா சுவரில் சாய்ந்து கொஞ்சம் நின்றாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள்.

"நான் ஒன்னும் சொல்லிக்குடுக்கலங்க."

"தெரியும்."

"நிஜமாவே அப்படித்தான் நெனச்சிருக்கு பிள்ள. அப்பா விளையாடிக்கிட்டே இருக்காருன்னு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் ஆறுதலும் இருந்தது, வருத்தமும் இருந்தது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அவள் கண்ணில் பட்டதைச் சொன்னாள். ஏழு வருடம் திரையை இழுத்துவிட்டு நான் செய்ததெல்லாம் என் மகள் கணக்கில் விளையாட்டு. தாயின் சம்பளத்தில் உட்கார்ந்து விளையாடும் அப்பா. பரவாயில்லை, அதுதானே காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டேன். பெரியவளானதும் விளக்கிச் சொல்லலாம்.

பாலத்தில் பஸ் இருந்தும் ஜெனி படகில்தான் போக வேண்டும் என்றாள். மதிய வெயிலில் கூட்டமில்லை. ரெஜினா நிழல் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் கம்பியோரம் ஜெனியின் பக்கத்தில் நின்றேன். கடவுச்சீட்டு சட்டைப்பையில் இருந்தது. வயிறு அந்த மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. கரையில் இறங்கியதும் மூன்று பேருக்கும் கோழிச்சோறு வாங்கலாம், நாளைக்கு ஆ செங்கிடம் போய்ப் பையை வாங்கி வரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெனி பொத்தானை அமுக்குவதை நிறுத்தினாள். அம்மா தூங்குகிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். வீட்டில் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவள் வாயைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா," என்றாள் காதோடு, "அடுத்த வருஷம் என்ன சொல்லணும்?"